பின்னுக்கு அனுப்பிய சிவப்பு

பதுளை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நில அளவை அலுவலகத்தில் நான் படம் வரைகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கு ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாகக் கட்டிய லயத்தில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்து, அங்கிருந்து நேரே இந்த மாடிப்படி ஏறினேன். எங்கள் சார் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேலாகப் பதுளையிலேயே இருக்கிறார். அவர் மலையில் ஏறி அளந்துவரும் புள்ளிகளை நான் கணினியில் கோடுகளாக்குவேன். அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

கணினியில் படம் வரைகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே பழகிவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருவங்களில் எது மேலே தெரியவேண்டும், எது அடியில் போகவேண்டும் என்று நாம்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கடைசியாக வரைந்தது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு காணிக்கு நிறம் நிரப்பினால் அதன் எண் காணாமல் போகும். எண்ணை முன்னுக்குக் கொண்டுவரலாம், அல்லது நிறத்தைப் பின்னுக்கு அனுப்பலாம். எப்படிச் செய்தாலும் எதுவும் அழிவதில்லை, எதுவும் நகர்வதுமில்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசை மட்டும் மாறும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது இதைச் செய்வேன். யோசித்துச் செய்கிற வேலையே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்துக்கே வீட்டுத் திட்டம் வந்தது. ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீடு போடும் அளவு, முப்பத்திரண்டு குடும்பத்துக்கு. லயத்துக்கு மேலே, தேயிலை பிடுங்கிப் பல வருடம் மானாப் புல் வளரவிட்டிருந்த சரிவில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அளவை வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நான் பிறந்த லயத்துக் குடும்பங்களுக்கு நானே காணி பிரித்து வரையப்போகிறேன். முப்பத்திரண்டு பெயரில் என் அம்மாவின் பெயரும் இருந்தது.

காணிகளுக்கு இளமஞ்சள் நிரப்பினேன். பாதைக்குச் சாம்பல், பொது இடத்துக்குப் பச்சை. எல்லாம் முடிந்த பிறகுதான் மண்சரிவு ஆய்வு செய்த அதிகாரிகளின் படம் தனிக் கோப்பாக வந்துசேர்ந்தது. ஆபத்தான பகுதியைச் சிவப்புச் சாய்கோடுகளால் அடைத்திருந்தார்கள். அதை எங்கள் படத்தோடு இணைத்தேன். அப்படி இணைக்கும் கோப்பு ஒரே உருவம்போலத்தான் நிற்கும். அதற்குள் ஒரு கோட்டை மட்டும் முன்னுக்கும் இன்னொன்றைப் பின்னுக்கும் கொண்டுபோக முடியாது. மொத்தமாக மேலே வைக்கலாம், இல்லாவிட்டால் மொத்தமாக அடியில் வைக்கலாம். அது மேலே வந்து உட்கார்ந்தது. மேல்வரிசையில் ஒன்பது காணிகள் சிவப்புக்குள் போயின. எண்ணும் தெரியவில்லை, அளவும் தெரியவில்லை.

சார் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அடுத்த வாரம் காணிச் சீட்டுக் குலுக்கும் நிகழ்ச்சி இருந்தது. மாட்டி வைக்க ஒரு பெரிய படம் கேட்டிருந்தார்கள்.

“பிள்ளை, நம்பர் ஒண்டும் வாசிக்கேலாமல் கிடக்கு. அந்தச் சிவப்பைப் பின்னுக்கு அனுப்பிவிடும்” என்றார்.

அனுப்பினேன். சிவப்பு மஞ்சளுக்கும் சாம்பலுக்கும் பச்சைக்கும் அடியில் போய்விட்டது. நாங்கள் நிறம் போடாத இடத்தில் மட்டும், அதாவது மேல் எல்லைக் கோட்டுக்கு அப்பால் மட்டும், அது தெரிந்தது. ஆபத்து சரியாக எல்லைக் கோட்டோடு நின்றுவிட்டதுபோல் இருந்தது படம்.

வேறு வழி இருந்தது. சிவப்பை மெல்லிய கண்ணாடிபோல் ஆக்கி மேலேயே வைத்திருந்தால் எண்களும் தெரிந்திருக்கும், சிவப்பும் தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை. எனக்கு அது தெரியும். ஆனால் பசறை வழியாகப் போகும் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகவேண்டும். நான் பிரின்ட் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆய்வு அறிக்கை தனியாக வீட்டுத் திட்ட அதிகாரிகளுக்குப் போயிருக்கிறது, அதை யாராவது படிப்பார்கள் என்று அந்த நேரத்தில் நினைத்தேனா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

சீட்டுக் குலுக்கல் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அன்றைக்குத் தொட்டில்களை ஓரம் கட்டிவிட்டுச் சுவரில் என் படத்தை மாட்டியிருந்தார்கள். அலுவலகத்தின் சார்பில் சார் என்னையே அனுப்பியிருந்தார். யார் எந்த எண் எடுத்தாலும் படத்தில் அது எங்கே என்று காட்டுவதுதான் என் வேலை. நான் குச்சியால் தொட்டுக் காட்டும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் அந்த மஞ்சள் கட்டத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு இருபத்தேழு வந்தது, கீழ்வரிசை.

எங்கள் அடுத்த காம்பராவில் இருந்த அக்காவுக்கு ஐந்து வந்தது. சொந்த அக்கா இல்லை. எனக்குப் பத்து வயது மூத்தவர், சிறுவயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்துவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பெரியவளாகி ஒரு வருடமாகியிருந்தது. ஒரே அறை. தகரம் ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துவிட்டு மீதி இடத்தில் மூன்று பேரும் படுப்பார்கள். வீட்டுக்காரர் வந்தால் நான்கு பேர்.

அக்கா படத்துக்குக் கிட்ட வந்து ஐந்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே, எல்லைக்கு அப்பால் இருந்த சிவப்புத் துண்டைக் காட்டி, “இது என்னா தங்கச்சி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வந்த கணத்தில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த மஞ்சளுக்கு அடியில் சிவப்பு இருக்கிறது. அதை அடியில் போட்டது நான். ஒரு வாரமாகத் திரையில் பார்த்துப் பார்த்து, இல்லாதது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அக்காவுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். தோட்டத்துக் கிளாக்கர் நின்றார். மாலை போட்ட விருந்தாளிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அது எல்லைக்கு வெளிய அக்கா” என்றேன்.

அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த எண்ணைக் காட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகம் போனதும் கோப்பைத் திறந்து சிவப்பை மேலே கொண்டுவந்து பார்த்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை முழுவதும் மூடியிருந்தது. நான்கும் ஐந்தும் ஆறும் நட்டநடுவில். சாரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாங்கள் ஒன்றையும் அழிக்கவில்லை, அறிக்கையும் திட்டக்காரர்கள் கையில்தான் இருக்கிறது, காணி பிரிக்கச் சொன்ன இடத்தில் பிரித்துக் கொடுத்தோம், தீர்மானிப்பது அதிகாரிகளின் வேலை என்று மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை.

பிறகு அவரே தொடர்ந்தார். “இப்ப நான் எழும்பிக் கேட்டால் முழுத் திட்டமும் நிண்டுபோம் பிள்ளை. மற்ற இருபத்திமூண்டு குடும்பமும் இன்னும் எத்தினை வருசம் லயத்துக்குள்ள கிடக்கவேணும்? அதை யோசிச்சனீரோ?”

யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து அதையே யோசித்தேன். மீரியபெத்தவில் மண் வந்து லயங்களை மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மழை பலத்துப் பெய்யும் நாட்களில் எங்கள் லயத்தில் யாரும் மேலே பார்க்காமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் இப்போது மேலேயே போய் வீடு கட்டப்போகிறார்கள். நான் சொன்னால் அத்தனை பேருடைய வீடும் நின்றுபோகும். சொல்லாவிட்டால் ஒன்பது குடும்பம் அந்தச் சரிவில் குடியேறும். இரண்டையும் தெரிந்துவைத்திருந்தவர்கள் நானும் சாரும்தான், அவர் தன் பதிலைச் சொல்லிவிட்டார்.

லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போகாது. அடுத்த காம்பராவில் தும்மினால் இங்கே கேட்கும். வேலை முடிந்து வந்து நான் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் அக்காவும் பிள்ளைகளும் வீட்டைப்பற்றிப் பேசத் தொடங்குவார்கள். குசினி எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம், பிள்ளைகளின் அறைக்குக் கதவு வைப்பதா திரை போடுவதா. மூத்தவள் கதவுதான் வேண்டும், உள்ளே தாழ்ப்பாளும் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்வாள். சின்னவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். நான் ரேடியோவைப் போடுவேன். அம்மா எதற்கு இவ்வளவு சத்தம் என்று குறைத்துவிடுவார். வெளியே போய் நிற்கலாம் என்றால் இஸ்தோப்புத் திண்ணையில் அக்கா நின்று கூப்பிடுவார், தங்கச்சி, ஏழு பேர்ச்சில் இரண்டு அறை போட்டு முன்னால் பூச்செடி வைக்க இடம் மிஞ்சுமா என்று கேட்பார். மிஞ்சும் என்பேன். ஒருநாள் தாள் கொண்டுவந்து கொடுத்து வீட்டுக்கு ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

காலையில் பஸ் ஏறினால் மூச்சு வரும். அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் நின்றுவிடும். கோப்பு இருந்த இடம் தெரியும், திறக்கமாட்டேன். வேறு வேலைகளிலும் கை ஓடவில்லை. ஏதோ ஒரு கடையின் படத்தில் சுவரைப் பின்னுக்கு அனுப்பும்போது அடியில் என்ன போகிறது என்று மூன்று தடவை தூக்கித்தூக்கிப் பார்ப்பேன். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விட்டால் கோப்பு சாரிடம் இருக்கும், நான் லயத்தில் இருப்பேன், பகலிலும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“நம்ம நம்பர்?”

“அதுல சிவப்பு இல்லம்மா.”

அம்மா தண்ணீரை வடித்தார், மறுபடி ஊற்றினார். பிறகு குரலை மிகவும் தாழ்த்தி, சுவரைப் பார்த்துக்கொண்டே, “நீ சொன்னா நம்ம வீடும் போயிருமுல்ல?” என்றார்.

“போகலாம்.”

“நா அம்பது வருசமா இந்தக் காம்பராவுலதான் இருக்கேன்” என்றார். சொல்லாதே என்று சொல்லவில்லை. அன்று சாப்பிடும்போது அக்காவின் சின்னவள் கிண்ணத்தோடு குழம்பு வாங்க வந்தாள். அம்மா வழக்கத்தைவிட இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றியதைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா மேலே போய்த் தன் காணியில் ஒரு கொய்யாக் கன்று நட்டுவிட்டு வந்தார். உடம்பெல்லாம் சேறு. மண் எவ்வளவு மெதுவாக இருக்கிறது தெரியுமா தங்கச்சி, மண்வெட்டியே தேவையில்லை, கையாலேயே தோண்டினேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். சிவப்பை முன்னுக்குக் கொண்டுவந்தேன். அடியில் உள்ள எண்கள் தெரியும் அளவுக்கு அதை மெல்லியதாக்கினேன். உண்மையாகவே பத்து நிமிடம்தான் ஆனது. பெரிய தாளில் பிரின்ட் எடுத்தேன். இயந்திரம் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது சார் எழுந்து வந்தார். தாள் முழுவதும் வெளியே வரும்வரை என் பக்கத்திலேயே நின்றார். என்னை நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதில திகதி போடேல்லை. போட்டு இன்னொண்டு எடும், எனக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் காம்பராவுக்குப் போனேன். பிள்ளைகள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். தாளைத் தரையில் விரித்தேன். அக்கா குனிந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்தில் விரல் நின்றது.

“இது மொதல்லயே இருந்துச்சா?”

“இருந்துச்சு அக்கா.”

“நா அன்னைக்குக் கேட்டப்ப?”

“அப்பவும் இருந்துச்சு.”

“யாரு மறைச்சது?”

சார் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். எண் தெரியவில்லை என்பதற்காக என்று விளக்கியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அதெல்லாம் வாயில் வரவில்லை. “நான்தான்” என்றேன்.

அக்கா தாளை நான்காக மடித்து என் மடியில் வைத்தார். சுவரில் ஒட்டியிருந்த வீட்டுப் படத்தை அவர் கிழிக்கவில்லை, அதைப் பார்க்கவுமில்லை. “எல்லாருக்கும் நீயே சொல்லு. நா சொல்ல மாட்டேன்” என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். கூடைகளோடு எல்லோரும் மழைக்குத் தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கங்காணியிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மழைத்துளி விழுந்து மை கரையத் தொடங்கியது. மேல்வரிசை ஒன்பது வீட்டுக்காரர்களும் கிட்ட வந்து பார்த்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, வீட்டுத் திட்டம் நிற்கப்போகிறது என்பது மட்டும் கேட்டது. சத்தம் எழுந்தது. ஒருவர் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, உங்கள் நம்பர் எதில் இருக்கிறது என்று கேட்டார். கீழே இருக்கிறது, அதில் சிவப்பு இல்லை என்றேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கூடையை இறக்காமல் நின்றார்.

சார் அதே நாள் தன் பிரதியை எடுத்துக்கொண்டு, கையெழுத்திட்ட கடிதத்தோடு, அதிகாரிகளிடம் நேரில் போயிருந்தார். அது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, மேசையில் கடிதத்தின் நகல் கிடந்தது.

பயந்ததுபோலவே வேலை நின்றது. மறுபடி ஆட்கள் வந்தார்கள், துளைபோட்டு மண் எடுத்தார்கள், மேல்வரிசையின் எல்லைக் கட்டைகளைப் பிடுங்கினார்கள். ஒன்றரை வருடம் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. அந்த ஒன்றரை வருடமும் நான் அதே லயத்தில்தான் இருந்தேன். பீலிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கோயில் திருவிழாவுக்கு அம்மாவிடம் வரி வாங்கினார்கள், பூசைத் தட்டு வரும்போது எங்கள் காம்பராவைத் தாண்டிப் போனார்கள். அக்கா என்னோடு பேசவில்லை. அடுத்த பக்கத்தில் வீட்டைப்பற்றிய பேச்சும் நின்றுபோயிருந்தது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு இருபத்துமூன்று வீடுகள் கட்டி முடித்தார்கள். எங்களுடையதும் ஒன்று. அம்மாவும் நானும் போன தைமாதம் குடிபுகுந்தோம். பால் காய்ச்ச அக்காவைக் கூப்பிட்டேன், பிள்ளைகளை மட்டும் அனுப்பியிருந்தார். மேல்வரிசை ஒன்பது குடும்பத்துக்கும் வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தரவில்லை. அவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

அந்தச் சரிவு இன்றுவரை சரியவில்லை. இரண்டு பெருமழையைத் தாங்கிவிட்டது. பெரட்டில் சிரித்த மனிதர் என்னைக் காணும்போதெல்லாம் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார். மழை கொட்டும் நாட்களில் எங்கள் புதிய ஜன்னலில் நின்று நானும் அந்தச் சரிவைப் பார்க்கிறேன். ஆள் இல்லாத அந்த இடத்தில் கொஞ்சம் மண் வந்து விழட்டும் என்று சில நேரம் நினைத்துவிடுகிறேன். கீழே இருபத்துமூன்று வீடு இருக்கிறது, அதற்கும் கீழே லயம் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஒன்பது குடும்பத்தின் சார்பில் இடம் கேட்டு ஒரு கடிதம் எழுதவேண்டும், கூடவே அந்தச் சிவப்புப் படத்தையும் வைக்கவேண்டும் என்றார்.

“படத்தோட நீயும் வரணும். கேட்டா எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது” என்றார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து பதுளைக்குப் போய் காணி அதிகாரியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நான் அரைநாள் லீவு எடுப்பேன். சார் ஏன் என்று கேட்பதில்லை. பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்காருவார், நான் படச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். அதிகம் பேசுவதில்லை. போன முறை மட்டும், மூத்தவள் தையல் வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். நல்லது அக்கா என்றேன். அதிகாரி அன்று வெளிக்கள வேலைக்குப் போயிருந்தார். அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.